கழிபொருளும் கைத்திறனும்

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி விஸ்வநத்தத்தில் நிகழ்த்திய உரை)

கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மேடையில் பள்ளியைப் பற்றியும் பட்டங்களைப் பற்றியும் பலர் சிறப்பாகப் பேசினார்கள். நமக்குத் தரப்பட்டுள்ள பொருள், வீட்டிலிருந்தபடியே செய்யத்தக்க கைவினைகளைப் பற்றியது; அதிலும், பழையனவும் பிறர் வேண்டாமென்று கழித்தனவுமாகிய பொருள்களைக் கொண்டு செய்பவற்றைப் பற்றியது. கல்விக் கழகத்துக்கும் கழிபொருளுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு. அது நம் வீட்டுப் பெண்களின் உழைப்பையும், நம் பிள்ளைகளின் படிப்பையும், ஏன், உயிரையும் தொட்டு நிற்கிறது. அதை எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

முதற்கண் ஒரு தடை

முதலில் ஒரு தடையை எதிர்கொள்வோம். "ஊரார் கழித்ததை எடுப்பதுதானே தலைமுறை தலைமுறையாக நம் தலையில் கட்டப்பட்ட வேலை? படித்து மேலே வந்த பின்னும் கழிவையே நாட வேண்டுமா?" என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். கேட்பது நியாயமே. செத்த மாட்டை அப்புறப்படுத்தவும், பிறர் உடுத்துக் கழித்த துணியை உடுத்தவும், மிச்சச் சோற்றுக்குக் காத்து நிற்கவும் நம் முன்னோர் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். 1927ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மகாடு மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர், செத்த விலங்கின் இறைச்சியையும் வீசி எறியப்படும் மிச்சத்தையும் இனித் தொடுவதில்லை என்று உறுதி கொள்ளுமாறு நம் மக்களை வேண்டிக்கொண்டார். மனிதக் கழிவை மனிதரே அள்ளும் கொடுமையை ஒழிக்க 1993இலும் 2013இலும் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. இவ்வளவு வரலாறு முதுகுக்குப் பின்னால் இருக்கையில், கழிவு என்னும் சொல்லைக் கேட்டதும் நெஞ்சு சுடுவது இயல்பே.

ஆயினும், அன்று நம்மைத் தாழ்த்தியது எது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அன்று நமக்கு மறுக்கப்பட்ட உரிமைகள் மூன்று. ஒன்று, வேண்டாம் என்று மறுக்கும் உரிமை. இரண்டு, செய்த வேலைக்கு நாமே விலை சொல்லும் உரிமை. மூன்று, இதைச் செய்தவர் இன்னார் என்று பெயர் சொல்லும் உரிமை. இம்மூன்றும் நம் கையில் இருக்குமானால் பழங்காகிதத்தைத் தொடுவதால் நமக்கு ஓர் இழிவும் இல்லை. இம்மூன்றும் இல்லாவிடில் பட்டு நூலைத் தொட்டாலும் அது அடிமை வேலையே. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டே மேற்செல்வோம்.

தாய்மார் அறிந்த கலை

இக்கலை நம் வீடுகளுக்குப் புதிதன்று. ஓலைப் பெட்டியும் சொளகும் பொத்தலானால் நம் பாட்டிமார் தூக்கி எறிந்துவிடவில்லை. பழங்காகிதத்தைக் கிழித்து இரண்டு மூன்று நாள் நீரில் ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டுரலில் மைய அரைத்து, அந்தக் கூழைப் பெட்டியின் உள்ளும் புறமும் பூசி வெயிலில் காயவைத்தார்கள். வெந்தயத்தின் வழவழப்பு, கூழை இறுக்கிப் பிடிக்கும். குடத்தைக் கவிழ்த்து, ஈரத்துணி போர்த்தி, அதன்மேல் கூழைச் சீராக அப்பிக் காயவிட்டுக் கழற்றினால் அதுவே ஒரு கூடை ஆகிவிடும். பழஞ்சேலையை மடித்துத் தைத்தால் குழந்தைக்கு விரிப்பு. உத்திரத்தில் கட்டினால் தூளி. சிரட்டையில் காம்பு செருகினால் அகப்பை. இவற்றையெல்லாம் கலை என்று எவரும் சொன்னதில்லை. இல்லாமையால் செய்தது என்றே சொன்னார்கள்.

ஆனால் வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே நூலை உருவித் தைத்த 'காந்தா' விரிப்புகளை இன்று அருங்காட்சியகங்கள் காத்து வைக்கின்றன. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் பழந்துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் 'கவந்தி' போர்வைகளும் அவ்வாறே போற்றப்படுகின்றன. நம் பாட்டியின் விரிப்புக்கும் அவற்றுக்கும் கைத்திறனில் பெரிய வேறுபாடு இல்லை. மதித்துப் பேசுவோர் இருந்தார்களா இல்லையா என்பதே வேறுபாடு.

நம் ஊரில் கிடைப்பவை

சிவகாசி வட்டாரத்தில் கழிபொருளுக்குப் பஞ்சமில்லை. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு மேலட்டைப் படம் வேண்டியிருந்ததால் அச்சுத் தொழில் அதன் பின்னே வளர்ந்தது. இன்று நாட்காட்டி, நாட்குறிப்பு, பாடநூல் என்று இங்கே அச்சாகாத பொருள் இல்லை. ஒவ்வோர் அச்சகத்திலும் மூவகை மிச்சம் விழுகிறது. ஓரம் வெட்டிய வெள்ளைக் காகிதத் துண்டு ஒன்று. வண்ணம் சரிபார்ப்பதற்காக ஓட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படம் பதிந்துபோன தாள் மற்றொன்று. அட்டைத் துண்டுகளும் ஓட்டி முடிந்த அலுமினியத் தகடுகளும் மூன்றாவது. எல்லாம் எடைக்குப் போகின்றன.

இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்குத் தகும். மை படாத வெள்ளைத் துண்டு கூழுக்கு ஏற்றது. அச்சு மை ஏறிய காகிதத்தில் உணவுப் பொருளைப் பொதிவது உடலுக்குக் கேடு. உணவுப் பாதுகாப்பு விதிகளும் அதைத் தடுக்கின்றன. ஆகவே தானியமோ தின்பண்டமோ வைக்கும் கூடையை வெள்ளைத் துண்டால் மட்டுமே செய்ய வேண்டும். வண்ணத் தாள் பைக்கும் உறைக்கும் உகந்தது. பளபளப்பான நாட்காட்டித் தாளை நீண்ட முக்கோணமாக வெட்டி, ஈர்க்குச்சியில் இறுகச் சுற்றிப் பசையிட்டால் மணி ஆகும். அம்மணிகளைக் கோத்தால் மாலையும் திரைச்சீலையும் ஆகும். அட்டைத் துண்டு பெட்டிகளுக்கு ஆகும். தையற்கடைத் துண்டுத் துணி, பைக்கும் மிதியடிக்கும் ஆகும். பூச்சி அரிக்காதிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பது வழக்கம். அது நஞ்சு என்பதால் அப்பசையைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைப்பதும், கையைக் கழுவிய பின்பே உண்பதும் முறை.

விற்க இடமும் முன்பைவிட விரிந்திருக்கிறது. 2019 சனவரி முதல் நாளிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பைகளுக்குத் தடை உள்ளது. 2021 திசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. துணிப்பையும் காகிதப்பையும் கேட்போர் பெருகியிருக்கிறார்கள்.

மறுக்கும் உரிமை

இனி நாம் சொல்லப்போவது இவ்வுரையின் உயிர்நாடி. நம் வட்டாரத்தில் 'வீட்டு வேலை' என்றால் அதற்கு இரண்டு பொருள் உண்டு. தீப்பெட்டிக்கு அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் ஒட்டியது ஒரு காலத்தில் வீட்டு வேலை. உரிமம் இன்றிக் கருந்திரி தயாரிக்கக் கொடுத்துவிட்டுப் போவதும் இன்று வீட்டு வேலை என்றே பேசப்படுகிறது. பட்டாசின் திரியாகிய கருந்திரி, வெடி மருந்து ஏற்றிய நூல். அதை அடுப்பு எரியும் வீட்டில், குழந்தை தவழும் திண்ணையில், ஓட்டுக் கூரையின் கீழ் வைத்துச் செய்வது வெடிகுண்டின் பக்கத்தில் உலை வைப்பதற்கு ஒப்பாகும். வெடிபொருள் சட்டமும் 2008ஆம் ஆண்டு விதிகளும் உரிமம் பெற்ற இடத்தைத் தவிர வேறெங்கும் அதற்கு இடம் தரவில்லை. பிடிபட்டால் வழக்கு ஏற்பவர் வீட்டுக்காரர். வெடித்தால் எரிவது அவர் வீடு. கொண்டுவந்து கொடுத்தவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இருப்பதில்லை.

இந்த வேலைக்கு ஏன் போகிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். மழைக்காலத்தில் காயவைக்க வெயில் இல்லாமல் ஆலைகள் நிற்கும். தீபாவளி முடிந்தபின் வேலை தளரும். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்தபின் பல குடும்பங்களில் வேலை நாள் குறைந்தது. அந்தக் காலி நாள்களில்தான் கருந்திரி கதவைத் தட்டுகிறது. காகிதப் பை அதைவிடக் கூடுதலாகக் கூலி தரும் என்று நாம் பொய் சொல்ல மாட்டோம், தராது. ஆனால் வேண்டாம் என்று மறுப்பதற்கு, அடுப்பில் ஏற்ற ஒரு படி அரிசியாவது வேறு வழியில் வர வேண்டும். அந்த ஒரு படி அரிசியே இக்கைவினையின் முதற்பயன்.

பொருள் சேகரிக்கும்போதும் இந்த மறுப்பு வேண்டும். பட்டாசு ஆலையிலிருந்து வரும் எதனையும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. மருந்து ஒட்டிய சாக்கு, பாதி அடைத்த காகிதக் குழாய், அலுமினியத் தூள் வந்த உருளை, வெடிக்காமல் போன பட்டாசு ஆகிய இவற்றுள் ஒன்றும் கைவினைப் பொருள் ஆகாது. சாக்கின் இழைகளில் தங்கிய தூள், உதறும்போதும் உரசும்போதும் தீப்பிடிக்கலாம். பேரியம் உப்பு வந்த உருளையில் நீர் பிடித்துவைத்தால் நீர் நஞ்சாகும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர், தீயைக் கண்டு உதவ ஓடிய அக்கம்பக்கத்து ஊரார். மருந்து, அதைத் தொட்டவரோடு மட்டும் நின்றுவிடுவதில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

விலை சொல்லும் உரிமை

அடுத்தது கணக்கு. அடிப்பெட்டி ஒட்டிய நம் தாய்மாரிடம், ஒரு மணி நேரத்துக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எத்தனை பெட்டிக்கு எவ்வளவு என்று மட்டும் சொல்வார்கள். துண்டுக் கூலியின் சூழ்ச்சி அதுவே. நேரத்தை மறைத்துவிடும். பிள்ளையின் நேரத்தையும் சேர்த்தே மறைத்துவிடும்.

விளக்கத்துக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு காகிதப் பைகள் செய்கிறோம். காகிதம், பசை, கயிறு எல்லாம் சேர்த்து 150 ரூபாய். கொண்டுபோய்ச் சேர்க்க 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பை ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றால் நூறு பைக்கு ஆயிரம் நிமிடம். ஏறத்தாழப் பதினாறே முக்கால் மணி நேரம். பையை ஐந்து ரூபாய்க்கு விற்றால் 500 ரூபாய் வரும். செலவு போக மிஞ்சுவது 300. மணிக்குப் பதினெட்டு ரூபாய். இது பிழைப்பு ஆகாது. அதே பையை நல்ல தாளைத் தேர்ந்து, மூலை மடிப்பு பிசகாமல், உறுதியான பிடி வைத்துச் செய்து, கடைக்காரர் பெயரையும் பொறித்துப் பன்னிரண்டு ரூபாய்க்கு விற்க முடியுமானால் மிஞ்சுவது 1,000. மணிக்கு அறுபது ரூபாய். எண்கள் ஊருக்கு ஊர் மாறும். போட்டுப் பார்க்கும் முறை மாறாது. "சும்மா கிடைத்த பொருள்தானே, சும்மா இருக்கும் நேரம்தானே" என்று விலை குறைத்துக் கேட்பவரிடம், இந்த ஏட்டை விரித்துக் காட்டும் துணிவு நம் பெண்களுக்கு வர வேண்டும். கழகம் கற்பித்த கணக்குப் பாடம் பயன்படும் இடம் இதுவே.

பெயர் சொல்லும் உரிமை

மூன்றாவது உரிமைக்கு அமெரிக்காவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து செல்லும் ஓர் இடத்தில் கீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் உள்ளது. அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் வழிவந்தோர் வாழும் ஊர். அவ்வூர்ப் பெண்கள், நைந்துபோன வேலை உடுப்புகளையும் தீவனச் சாக்குகளையும் வெட்டி இணைத்துக் குளிருக்குப் போர்வை தைத்துவந்தார்கள். வாக்குரிமை கேட்டு அம்மக்கள் எழுந்தபோது, 1962இல் ஆற்றைக் கடக்கும் ஓடம் நிறுத்தப்பட்டது; அது மீண்டும் வர 2006 வரை ஆயிற்று. 1965இல் மார்ட்டின் லூதர் கிங் அவ்வூருக்கு வந்து பேசினார். 1966இல் அவ்வட்டாரப் பெண்கள் 'பிரீடம் குயில்ட்டிங் பீ' என்னும் தையற் கூட்டுறவை அமைத்தார்கள். விடுதலை என்னும் சொல் அதன் பெயரிலேயே உண்டு. அக்கூட்டுறவு நிலம் வாங்கித் தையற்கூடம் கட்டியது. வாக்காளராகப் பதிந்துகொண்டதற்காக வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட குடும்பங்களுக்கு அந்நிலத்தில் மனையும் கிடைத்தது. பழந்துணி அவர்களுக்கு வீடாயிற்று.

2002இல் அப்போர்வைகள் ஊஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. உலகம் வியந்தது. போர்வைகளின் வடிவங்கள் வேறு பல பொருள்களிலும் அச்சாயின. பிறகு, வருவாயில் தங்களுக்கு உரிய பங்கு வரவில்லை என்று தைத்த பெண்களில் சிலர் 2007இல் வழக்குத் தொடுக்க நேர்ந்தது. 2008இல் அவ்வழக்குகள் இணக்கத்தில் முடிந்தன. புகழ் வந்தால் போதாது; வடிவம் யாருடையது, பங்கு எவ்வளவு என்பது முதலிலேயே எழுத்தில் இருக்க வேண்டும் என்னும் பாடத்தை அவர்கள் நமக்குத் தந்திருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2015இல் மகாராட்டிரத்தில் மாட்டிறைச்சித் தடை வந்தபின் தோல் கிடைக்காது வாடிய மும்பைத் தோல் தொழிலாளருடன் சேர்ந்து, சுதீர் ராஜ்பர் என்னும் கலைஞர் மறுசுழற்சி செய்த ரப்பரால் பைகள் செய்யத் தொடங்கினார். அம்முயற்சிக்கு அவர் சூட்டிய பெயர் 'சமார் ஸ்டுடியோ'. பிறர் வசைச் சொல்லாக வீசிய சாதிப் பெயரையே கைத்திறனின் முத்திரையாக்கிப் பையின்மேல் பொறித்தார். இழிவு பொருளிலும் இல்லை, பெயரிலும் இல்லை என்று அவர்கள் செய்து காட்டிவிட்டார்கள்.

பிள்ளைகளின் மாலை நேரம்

இளைஞர்களுக்கும் பெற்றோருக்கும் ஓர் எச்சரிக்கை. வீட்டுக்குள் ஒரு தொழில் வந்தால் பிள்ளையின் கையும் அதில் தானாகவே வந்து சேரும். தீப்பெட்டியும் பட்டாசும் நம் பிள்ளைகளை எவ்வாறு விழுங்கின என்பதை இந்த வட்டாரம் அறியும். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளரைப் பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு அளித்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் பதினான்கு வயதுக்கு உட்பட்டோரை எல்லா வேலைகளிலிருந்தும் விலக்கியது. ஆயினும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்திற்குப் பின் உதவலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தது. அந்த வாசல் வழியே பழைய நிலை திரும்பிவிடக் கூடாது. ஆணைப்படி பை கொடுக்க நாள் நெருங்குகிறது என்பதற்காக மகளின் மாலைப் பாடத்தை நிறுத்துவோமானால், இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகள் செய்த பணியை நம் கையாலேயே அழித்தவர்கள் ஆவோம். விற்பனைக்கான வேலை பெரியவர்களுடையது.

பிள்ளைகளுக்குக் கழிபொருள் வேறு வகையில் உதவும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்த அரவிந்த் குப்தா, 1978இல் புனேயில் தாம் பணியாற்றிய வாகனத் தொழிற்சாலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு, மத்தியப் பிரதேசத்துச் சிற்றூர்ப் பள்ளிகளில் நடந்த ஓசங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்திற்குச் சென்றார். அங்கே அவர் தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு டியூபின் துண்டுகளையும் இணைத்து முக்கோணம், கனசதுரம், வீடு என்று கணித உருவங்களைப் பிள்ளைகளே செய்யக் கற்றுக்கொடுத்தார். 2018இல் பத்மசிறீ விருது பெற்ற அவர், இன்றும் குப்பையிலிருந்து செய்த விளையாட்டுப் பொருள்களால் அறியப்படுகிறார். அவருடைய தீக்குச்சி உருவங்களை நூலாக்கிய அமைப்பின் பெயர் ஏகலைவா. தானே கற்ற வில்வித்தைக்காகக் கட்டை விரலைக் கொடுக்க நேர்ந்த ஏகலைவனின் பெயர் அது. தீக்குச்சிக்குப் பெயர்பெற்ற நம் ஊரில், மருந்து தோய்க்காத வெறுங்குச்சியால் நம் பிள்ளை கணிதம் கற்குமானால் அதைவிட நல்ல பழிவாங்குதல் வேறில்லை. விரல் பத்தும் இருக்க வேண்டும். கல்வியும் வர வேண்டும்.

செய்ய வேண்டுவன

இளைஞர்களுக்கு நாம் சில பணிகளைப் பரிந்துரைக்கிறோம். அச்சகங்களில் வெள்ளைத் துண்டையும் வண்ணத் தாளையும் தனித்தனியே பிரித்து, எடை போட்டு, விலை பேசி வாங்க ஒரு குழு வேண்டும். தனித்தனியாகப் போய்க் கெஞ்சி நிற்பதைவிடப் பத்துக் குடும்பம் சேர்ந்து வாங்கினால் விலையும் மதிப்பும் நம் பக்கம் நிற்கும். பெண்கள் சுய உதவிக் குழுவாகப் பதிந்துகொண்டால் வங்கிக் கடனும், மாவட்டத் தலைநகரில் உள்ள பூமாலை வணிக வளாகம் போன்ற விற்பனை இடங்களும் எட்டும். 1974 முதல் இயங்கிவரும் தாட்கோவின் கடன் திட்டங்களை நம் மக்களுக்குப் படித்துச் சொல்லும் கடமை படித்த இளைஞர்களுடையது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கணக்கேடு இருக்கட்டும். அதில் ரூபாயோடு மணி நேரமும் எழுதப்படட்டும். செய்யும் பொருள் ஒவ்வொன்றிலும் செய்தவர் பெயரோ குழுவின் பெயரோ, அதோடு விஸ்வநத்தம் என்னும் ஊர்ப் பெயரும் இருக்கட்டும். கருந்திரியும் மருந்தும் எந்த வீட்டு வாசற்படியையும் தாண்டுவதில்லை என்னும் உறுதியை இந்த விழாவின் தீர்மானமாகவே நிறைவேற்றிக்கொள்ளலாம்.

கைவினையால் மட்டும் நம் வறுமை தீர்ந்துவிடும் என்று நாம் கூறவில்லை. நிலமும், பாதுகாப்பான வேலையும், உயர்கல்வியும் நாம் கேட்டுப் பெற வேண்டிய உரிமைகள். காகிதப் பையைக் கையில் கொடுத்து அவற்றை மறக்கச் செய்ய எவர்க்கும் இடம் தர வேண்டாம். ஆயினும் ஆலை நிற்கும் மாதங்களில் ஒரு தாய் மருந்துக்கு 'வேண்டாம்' என்று சொல்லவும், தன் வேலைக்குத் தானே விலை சொல்லவும், செய்த பொருளில் தன் பெயரைத் தன் கையால் எழுதவும் இத்தொழில் வழி செய்யுமானால், இக்கழகம் அவருக்குக் கற்றுக்கொடுத்த எழுத்து பயன் தந்தது என்று மகிழலாம்.